ஏறின கியரும் இறங்குற கியரும்

"ஏறின கியர்லயே இறங்கு." மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஜமுனாமரத்தூர் போகிற பஸ் டிரைவர் சொல்வார், மலையிலிருந்து சாமை மூட்டை இறக்கி வருகிற மினி லாரிக்காரர் சொல்வார், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரும் சொல்வார். கலசப்பாக்கத்தில் இருந்துகொண்டு போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு அடிக்கடி ஏறி இறங்குகிறவன் என்பதால் எனக்கும் இந்த வரி மனப்பாடம். இது ஏன் சரி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இன்றைக்கு வருகிற சின்ன டர்போ கார்களுக்கு இந்த விதி போதாது என்று தெரிந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அங்கே போவதற்கு முன்னால், கார் பிரியர்கள் ஓயாமல் சண்டை போடும் ஒரு கேள்வியைத் தாண்டியாக வேண்டும்: கியரை எப்போது மாற்றுவது?

இன்ஜினைப் பற்றிப் பேசும்போது இரண்டு எண்களைச் சொல்கிறார்கள். ஒன்று டார்க், அதாவது முறுக்கு விசை. இன்னொன்று பவர், அதாவது குதிரைத் திறன். இரண்டுக்கும் உள்ள உறவு கிணற்றில் தண்ணீர் இறைப்பது மாதிரி. டார்க் என்பது வாளியின் அளவு. ஆர்.பி.எம். என்பது நிமிஷத்துக்கு எத்தனை தடவை இறைக்கிறோம் என்பது. தொட்டியில் நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பதுதான் பவர். பெரிய வாளியை மெதுவாக இழுத்தும் தொட்டியை நிரப்பலாம், சின்ன வாளியைச் சளைக்காமல் இழுத்தும் நிரப்பலாம். கணக்கும் சுலபம். நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் பி.எஸ். கணக்கில் குதிரைத் திறன் வந்துவிடும். மனக்கணக்குக்கு 7,000 என்று வைத்துக்கொண்டால் போதும்.

இப்போது நம்ம ஊர்ச் சாலைகளில் பல வருஷம் ஓடிய, இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல். மாருதி ஸ்விஃப்ட், டிசையர் டீசலில் இருந்தது இதுதான். இத்தனை கம்பெனிக் கார்களில் உட்கார்ந்ததால் இதை "தேசிய இன்ஜின்" என்றே கிண்டலாகச் சொல்வார்கள். கம்பெனி கொடுத்த எண்கள்: 2,000 ஆர்.பி.எம்.மில் 190 நியூட்டன் மீட்டர், 4,000 ஆர்.பி.எம்.மில் 75 பி.எஸ்.

2,000-இல் வாளி பெரியது, 190. பெருக்கி வகுத்தால் 54 பி.எஸ். 4,000-இல் டார்க் எவ்வளவு என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டால் 132 வருகிறது. வாளி சுருங்கிவிட்டது. ஆனால் இறைக்கிற வேகம் இரட்டிப்பு, ஆகவே 75 பி.எஸ். "டீசல்னா 2,000-லயே கியர் மாத்திடணும், அதுக்கு மேல இழுவை இல்ல" என்று சொல்கிறவர்கள் வாளியை மட்டும் பார்க்கிறார்கள்.

சக்கரத்தில் போய்ச் சேர்கிற இழுவை, இன்ஜினின் டார்க்கை கியர் விகிதத்தால் பெருக்கினால் வருவது. ஸ்விஃப்ட்டின் கியர் பெட்டியில் இரண்டாம் கியர் விகிதம் ஏறத்தாழ 1.9, மூன்றாவது ஏறத்தாழ 1.28. (டீசலுக்கும் பெட்ரோலுக்கும் கொஞ்சம் வேறுபாடு உண்டு. நம் கணக்குக்கு இரண்டுக்கும் இதையே வைத்துக்கொள்கிறேன்.) இரண்டாம் கியரில் 4,000-இல் ஓடும்போது 132-ஐ 1.9-ஆல் பெருக்கினால் 251. அந்த நொடியில் மூன்றாவதுக்கு மாற்றினால் இன்ஜின் மூன்றில் இரண்டு பங்காக, அதாவது 2,700 பக்கம் வந்து நிற்கும். அங்கே இன்ஜின் தன் உச்சபட்ச 190-ஐயே கொடுக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 190-ஐ 1.28-ஆல் பெருக்கினால் 243. வாளி எவ்வளவு பெரிசாக இருந்தாலும் கியர் அதைச் சாப்பிட்டுவிடுகிறது. வேகம் மட்டுமே குறி என்றால் 4,000 வரை இரண்டாவதில் இருப்பதுதான் லாபம்.

பெட்ரோலில் இது இன்னும் அப்பட்டம். 2018 ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் இன்ஜின் 4,200-இல் 113 நியூட்டன் மீட்டர், 6,000-இல் 83 பி.எஸ். 6,000-இல் டார்க் 97 என்று வருகிறது. இரண்டாவதில் 97 பெருக்கல் 1.9, அதாவது 184. மூன்றாவதுக்கு மாற்றினால் 4,000 சொச்சத்தில் விழும், அது டார்க் உச்சத்துக்குப் பக்கம்தான், ஆனாலும் 145-ஐத் தாண்டாது. அதனால்தான் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பந்தயக் கார்கள் சிவப்புக் கோடு வரைக்கும் கதறவிட்டு கியர் மாற்றுகின்றன. கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒரு பந்தயக் காரை உண்டாக்கினாரே, அதில் பயின்றவர்களுக்கு இந்தப் பாடம் எலும்பில் ஊறியிருக்கும். 796 சி.சி.யை வைத்துக்கொண்டு ஊசியைக் கீழே விழவிட்டால் பின்னால் வருகிறவன் முந்திவிடுவான்.

ஆக, கியர் மாற்றும் நேரம் என்பதற்கு ஒரே எண் கிடையாது. மாற்றிய பிறகு ஊசி எங்கே போய் விழும், விழுகிற இடத்தில் இன்ஜினிடம் எவ்வளவு பவர் இருக்கிறது, எனக்கு இப்போது எவ்வளவு வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் போதும். சமவெளியில், போளூர் திருவண்ணாமலை ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் போக ஒரு சின்னக் காருக்கு பத்து குதிரைத் திறன்கூடத் தேவையில்லை. அப்போது 1,800-லேயே மேல் கியருக்குப் போய்விடுவது நல்லதுதான். பெட்ரோல் இன்ஜினுக்கு அதே பவரைக் குறைந்த ஆர்.பி.எம்.மில் எடுக்கும்போது உராய்வும் குறைவு, பாதி மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை உறிஞ்சும் வீண் வேலையும் குறைவு. மைலேஜ் கூடும். டாஷ்போர்டில் மேல்நோக்கி ஒரு அம்பு வந்து "கியரை மாற்று" என்று சொல்கிறதே, அது இந்தக் கணக்கில்தான் சொல்கிறது. எரிபொருள் சோதனையே உருளைகள் மேல், சமதளத்தில் நடப்பதாக வைத்து நடக்கும் சோதனை. அந்த அம்புக்கு அத்திமூரும் தெரியாது, ஜமுனாமரத்தூரும் தெரியாது.

இனி மலைக்கு வருவோம்.

நான்கு பேர் உட்கார்ந்த சின்னக் கார், 1,350 கிலோ என்று வைப்போம். 100 மீட்டர் போனால் 8 மீட்டர் ஏறுகிற சரிவு. 40 கி.மீ. வேகத்தில் ஏற மேல்நோக்கித் தூக்குவதற்கு மட்டும் 16 பி.எஸ்., டயர் உராய்வும் காற்றும் சேர்த்தால் 19 பி.எஸ். இது ஒன்றும் பெரிய தொகை இல்லை. நேர் ஏற்றத்தில் எந்தக் காரும் மூச்சு வாங்காமல் ஏறும். சிக்கல் கொண்டை ஊசி வளைவில்தான்.

வளைவில் வேகம் 20 கி.மீ.க்கு வந்துவிடுகிறது. உள்பக்கமாகத் திரும்பினால் சரிவு 12 சதவீதத்தைத் தாண்டும். 20 கி.மீ. வேகத்தில் 12 சதவீதம் ஏற 13 பி.எஸ். போல வேண்டும். ஏ.சி. ஓடினால் கம்ப்ரசருக்கு இன்னொரு மூன்று மூன்றரை. மொத்தம் 16, 17. குறைவுதான். ஆனால் இரண்டாம் கியரில் 20 கி.மீ. என்றால் இன்ஜின் 1,300 ஆர்.பி.எம்.மில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த 1,300-இல் 16.6 பி.எஸ். எடுக்க 90 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். மல்டிஜெட்டின் டர்போ அந்த வேகத்தில் சரியாகச் சுழலாது. டர்போ உதவாவிட்டால் 1.3 லிட்டர் டீசலிடம் 80, 90-க்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதாவது தேவையும் கையிருப்பும் ஒன்றாகிவிட்டது. வேகம் கூட்ட மிச்சம் எதுவும் இல்லை. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் வண்டி "ஊங்...ங்" என்று அடங்கிக்கொண்டே வரும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். பதற்றத்தில் கிளட்ச்சை மிதித்தால் கார் பின்னுக்கு உருளும்.

இதே வளைவை முதல் கியரில் எடுத்தால்? 20 கி.மீ. என்பது 2,400 ஆர்.பி.எம். அதே 16.6 பி.எஸ்.க்கு 49 நியூட்டன் மீட்டர் போதும். டர்போவும் விழித்திருக்கும், கையிருப்பு 180-க்குக் குறையாது. வண்டி பூ மாதிரி ஏறும். "மலையில ஃபர்ஸ்ட் போட்டா இன்ஜின் கத்துதே" என்று பயப்படுகிறார்கள். 2,400 என்பது கத்தல் இல்லை. 1,100-இல் அடிவரை மிதித்து இன்ஜினை உதறவிடுவதுதான் அதற்கு வேதனை. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல்களில் இந்தப் பழக்கம் தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் கோளாறுக்கும் இடம் கொடுக்கும். அது பிஸ்டனையே உடைக்கக்கூடியது.

நல்ல டிரைவர்களைக் கவனித்திருக்கிறேன். அவர்கள் வளைவுக்குள் போன பிறகு கியரைத் தேடுவதில்லை. வளைவுக்கு முப்பது நாற்பது அடி முன்னாலேயே, வண்டிக்கு இன்னும் வேகம் இருக்கும்போதே குறைத்துவிடுகிறார்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது இன்ஜின் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும், 2,000 இருந்தால் 3,000. கிளட்ச் மிதியில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி அந்த வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டு கிளட்ச்சை விட்டால் உதறல் இருக்காது. பழைய பஸ்களில் சிங்க்ரோமெஷ் இல்லாத பெட்டியில் டிரைவர்கள் இரண்டு தடவை கிளட்ச் மிதித்து நடுவில் ஒரு "ரேஸ்" கொடுப்பார்களே, அதே வித்தைதான். சின்ன வயதில் அந்தச் சத்தத்தை வைத்தே எந்த பஸ் வருகிறது என்று சொல்லிவிடுவோம்.

உயரத்தைப் பற்றியும் கேட்பார்கள். காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி 7 சதவீதம் போலக் குறையும், டர்போ இல்லாத 83 பி.எஸ். இன்ஜின் 77 பி.எஸ். ஆகிவிடும். ஆனால் மே மாதக் கலசப்பாக்கத்தின் 40 டிகிரி வெயிலிலிருந்து மேலே பத்து டிகிரி குறைந்த குளிர்ச்சிக்குப் போனால் அதில் 3 சதவீதம் திரும்பக் கிடைக்கும். ஆக ஜவ்வாது மலையில் உயரத்தால் வண்டி இழுக்கவில்லை என்று சொல்ல முடியாது. லடாக் கதை வேறு.

ஏறுவதில் தப்புச் செய்தால் வண்டி நின்றுபோகும், மானம் போகும். இறங்குவதில் தப்புச் செய்தால் உயிர் போகும். 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் பக்கத்தில் கோயிலுக்குப் போன புலியூர்க்காரர்களின் வேன் பள்ளத்தில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதற்கும் கியருக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. இந்த மலை சின்னதுதானே, ஊட்டியா கொடைக்கானலா என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களுக்காக மட்டும் சொல்கிறேன்.

அதே 1,350 கிலோ கார் 500 மீட்டர் கீழே இறங்குகிறது என்று வையுங்கள். அது விட்டுத்தள்ள வேண்டிய சக்தி 66 லட்சம் ஜூல். எண்ணாகப் பார்த்தால் உறைக்காது. வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் வாட்டர் கேன் இருக்கிறதல்லவா, அந்தத் தண்ணீர் முழுவதையும் கொதிக்க வைக்க இவ்வளவு போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். டயர் உராய்வு அதில் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக்கே எடுத்தால் அந்தச் சூடு நான்கு சக்கரங்களின் டிஸ்க், டிரம் என்று மொத்தம் இருபது கிலோ இரும்புக்குள் இறங்கியாக வேண்டும். காற்றில் ஆறவே ஆறாது என்று வைத்தால் அந்த இரும்பு 600 டிகிரி ஏறும். நிஜத்தில் ஆறிக்கொண்டே வரும், அதனால் அவ்வளவு போகாது. ஆனால் முன் டிஸ்க்குகள் மீதுதான் பெரும்பங்கு விழுகிறது. மெதுவாக, விடாமல் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருகிறவருக்கு ஆற நேரமும் கிடைக்காது.

இங்கேதான் இன்ஜின் பிரேக்கிங் வருகிறது. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. மூடிய த்ராட்டில், பிஸ்டன் உராய்வு, ஆயில் பம்ப், எல்லாவற்றையும் இழுக்க வேண்டியிருப்பதால் வண்டி தணிகிறது. 8 சதவீத இறக்கத்தில் 30 கி.மீ. வேகத்தை நிலையாக வைத்திருக்க 10 பி.எஸ். அளவுக்குச் சக்தியை உறிஞ்ச வேண்டும். என் கணக்கில் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் மூன்றாம் கியரில் அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டாம் கியரில் பாதி. முதல் கியரில் ஏறக்குறைய முழுவதும். ஒரு கியர் குறைப்பதால் கிடைக்கிற லாபம் இவ்வளவு.

இப்போது அந்தப் பழைய விதி. அம்பாசடர் காலத்து 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினின் உச்ச டார்க் 100 நியூட்டன் மீட்டரைச் சுற்றி. அந்த இன்ஜினை ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுச் சுற்ற வைத்தால் அது எதிர்த்து இழுப்பது 24 போல. இழுக்கிற பலத்தில் நாலில் ஒரு பங்கு தடுக்கிற பலம். பலம் குறைந்த இன்ஜின் என்பதால் மலை ஏற அதற்கு இரண்டாவதோ முதலோ வேண்டியிருந்தது. இறங்கும்போதும் அதே கியர் போட்டால் தடுப்பு கணிசமாகக் கிடைத்தது, மீதிக்கு பிரேக்கைத் தொட்டால் போதும். விதி அழகாக வேலை செய்தது.

இன்றைய 1 லிட்டர் டர்போ பெட்ரோலை எடுங்கள். ஹூண்டாய் வென்யூவின் 998 சி.சி. இன்ஜின் 1,500-இலிருந்து 4,000 வரைக்கும் 172 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது. ஏறும்போது டர்போ காற்றைத் திணிப்பதால் அது பெரிய இன்ஜின் மாதிரி நடந்துகொள்கிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டதும் டர்போவுக்கு வேலை இல்லை. வெறும் 998 சி.சி.தான் மிஞ்சுகிறது. எதிர்த்து இழுப்பது 16 போல. இழுக்கிற பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏறுகிற பலம் டர்போவால் வருவது, இறங்கும்போது பிடிக்கிற பலம் சி.சி.யால் வருவது. இந்தக் கார் ஜமுனாமரத்தூர் ஏற்றத்தை மூன்றாம் கியரில் சிரித்துக்கொண்டே ஏறிவிடும். "ஏறின கியர்லயே இறங்கு" என்று மூன்றிலேயே இறங்கினால் இன்ஜின் பேருக்குத்தான் பிடிக்கும், கால் பிரேக்கை விட்டு எழாது. இந்த மாதிரி வண்டிகளுக்கு நான் சொல்வது: ஏறின கியரிலிருந்து ஒன்று குறைத்து இறங்குங்கள். பிரேக்கை இரண்டு வளைவுக்கு நடுவில் ஒரு தடவைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தால் இன்னொன்றும் குறையுங்கள்.

டீசல் கார்க்காரர்கள் "நம்மளுது கம்ப்ரஷன் அதிகம், நல்லாப் பிடிக்கும்" என்று நம்புகிறார்கள். அழுத்திய காற்று மறுபடி விரியும்போது செலவழித்ததில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பெட்ரோலில் இருப்பது போல மூடிய த்ராட்டிலை எதிர்த்து உறிஞ்சும் வேலையும் டீசலில் கிடையாது. லாரி, பஸ்களில் எக்சாஸ்ட் பிரேக் என்று தனியாக ஒன்றை வைப்பதே இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

ஆட்டோமேட்டிக் கார்களில் இது இன்னும் சிக்கல். டி-யில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால், "ஓ, ஓட்டுநருக்கு வேகம் வேண்டாம் போல" என்று நினைத்துப் பல பெட்டிகள் மேல் கியருக்குப் போய்விடும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். சரிவை உணர்ந்து கீழ் கியரைப் பிடித்துக்கொள்ளும் மென்பொருள் உள்ள கார்களும் இருக்கின்றன. உங்களுடையது எது என்று மலையில் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். எம் என்று இருந்தால் எம்-க்கு மாற்றி இரண்டில் பிடியுங்கள், எல் இருந்தால் எல். ஏ.எம்.டி. வண்டிக்காரர்களுக்கு இன்னொரு சொல்: அதுக்குள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான், மிதிப்பது மட்டும் மோட்டார். ஏற்றத்தில் டிராஃபிக் நிற்கும்போது ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் தட்டு வெந்துவிடும். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது?

பெட்ரோல் மிச்சம் பண்ணுகிறேன் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் தனி ரகம். இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு அதில் மிச்சமும் இல்லை. கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் முழுவதுமாக நின்றுவிடும், சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமலிருக்க ஐடிலிங்குக்கு எண்ணெய் குடிக்கும். சாவியை அணைத்துவிட்டு இறங்குகிற மேதாவிகளும் உண்டு. பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், அப்புறம் இரண்டு காலால் மிதித்தாலும் கல்லை மிதிப்பது போலத்தான் இருக்கும்.

கியர் குறைப்பதிலும் ஒரு எச்சரிக்கை. நம்ம ஸ்விஃப்ட் கணக்கில் இரண்டாவதில் 60 கி.மீ. என்றால் 4,000 ஆர்.பி.எம்., பரவாயில்லை. அதே 60-இல் பதறிப்போய் முதலில் தள்ளினால் இன்ஜின் 7,400-க்கு இழுக்கப்படும். "ரெவ் லிமிட்டர் காப்பாத்தும்" என்று நினைக்க வேண்டாம். லிமிட்டர் எரிபொருளைத்தான் நிறுத்தும், இங்கே சுற்றுவது சக்கரம். வால்வு பிஸ்டனில் இடித்தால் இன்ஜின் அத்தோடு முடிந்தது. முதலில் பிரேக்கால் 25-க்குக் கொண்டுவந்து, பிறகு முதல் கியர்.

பிரேக் ஆயிலையும் சொல்லிவிடுகிறேன். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்காது, டாட் 4 என்றால் 230. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் ஏறிய நிலையில் டாட் 3-க்கு உத்தரவாதம் 140 டிகிரிதான், டாட் 4-க்கு 155. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். வாரக் கடைசியில் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஐந்தாறு வருஷம் ஆயில் மாற்றாத காரில் வந்து, நேராக பீமன் அருவியைப் பார்க்க ஏறுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இறங்கும் வழியில் கருகல் வாசனை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, உடனே ஒரு கியர் குறைத்து, பெடலை விட்டு விட்டு மிதித்து, அகலமான இடம் பார்த்து ஒதுக்குங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, டிஸ்க் கோணிவிடும். அரை மணி நேரம் காற்றிலேயே ஆறட்டும். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், பின்னால் டிஸ்க் இருக்கிற கார்களில் சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கிப் பிடி தளரலாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். ராத்திரியில் பைக்கில் இறங்கி வருகிற மலைக்காரருக்கு அது தெரியாது.